அடக்கவிலையும் இல்லறத்தார் அறமும்

வாணிகம் செய்யும் இல்லறத்தானுக்கு நம் ஆசிரியர்கள் வகுத்துத் தந்த விதிகள் நமக்குப் புதியன அல்ல. குறைந்த எடையால் விற்றலும், மிகுந்த எடையால் வாங்கலும், நல்ல சரக்கோடு தாழ்ந்த சரக்கைக் கலத்தலும், களவுப் பொருளை அறிந்தே கொள்ளலும் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்கள் எனச் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தோம். இவை யாவும் விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே நிகழும் குற்றங்கள். தராசு நேராக நின்றால் நம் கடமை தீர்ந்தது என்று எண்ணி அமைதி கொள்கிறோம். ஆனால் இன்று தொழிலகம் நடத்துவோரை இரவில் உறங்கவிடாமற் செய்யும் வினா வேறு. சரக்கின் விலை அடக்கத்துக்குக் கீழே இறங்கிவிட்ட காலத்தில் உற்பத்தியைத் தொடர்வதா, நிறுத்துவதா? தொடர்ந்தால் எந்த விலை வரையில் தொடரலாம்? நிறுத்தினால் அந்த நட்டம் யார் தலையில் விழும்? பொருளாதார நூலார் இதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றனர். கணக்கு என்ற அளவில் அவ்விடை சரியானதே. அக்கணக்குத் தொடங்குவதற்கு முன்னரே ஒருவன் செய்துவிடும் தீர்மானம் ஒன்று உண்டு. அறம் நிற்பதும் வழுவுவதும் அங்கேதான் என்பது நம் கருத்து. அதனைச் சென்னைக்கு மேற்கேயுள்ள தொழிற்பகுதியை முன்னிறுத்தி இங்கு ஆராய்வோம்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களிலிருந்து பிழைப்பின் பொருட்டுச் சென்னை வந்த நம் குடும்பங்கள் சில அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கங்களிலும் குடியேறியுள்ளன. ஆசிரியர்களாகவும் வங்கி ஊழியர்களாகவும் இருப்போர் போக, தொழிலகங்களில் கணக்கெழுதுவோரும் மேற்பார்வையிடுவோரும் உண்டு. சொந்தமாகச் சிறு பட்டறை நடத்துவோரும் உண்டு. ஆகவே இது நூலில் மட்டும் படிக்கும் செய்தியன்று.

இப்பகுதியின் வரலாற்றிலேயே நம் வினா பொதிந்திருக்கிறது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடுதான் சோஷலிச மாதிரிச் சமுதாயம் என்னும் குறிக்கோளைத் தீர்மானமாக நிறைவேற்றியது. அதற்கு முன்பே, 1949இல், டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தோன்றியிருந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965இல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. அதே பத்தாண்டுகளில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸனர்ஸ் என வாகன உறுப்புகள் செய்யும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. இவ்வாலைகளுக்குத் துணைத்தொழில் வேண்டுமே! 1964இல் அரசு அமைத்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அத்தேவைக்கு இடங்கொடுத்தது. கடைசல், துளையிடல், அச்சு வார்ப்பு, முலாம் பூசல் என ஒரு தொழிலை மட்டும் செய்யும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் அங்கு வேரூன்றின.

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையே சில இரயில் நிலையங்களே உள்ளன. ஆயினும் விலை என்பது இரண்டிடத்தும் ஒரே பொருளைத் தருவதில்லை. டாங்கிக்குக் கொள்வோர் ஒருவரே. அது நாட்டின் இராணுவம். அங்கே செலவு முன்னே சென்றது, விலை அதன் பின்னே வந்தது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் நிறுவனங்களாக மாற்றப்பட்டு, ஆவடித் தொழிற்சாலையும் அரசு நிறுவனமொன்றின் கீழ் வந்த பின்னரும் டாங்கிக்கு வேறு சந்தை தோன்றிவிடவில்லை. தொழிற்பேட்டைப் பட்டறைக்காரர் நிலை இதற்கு நேர்மாறு. அவர் செய்யும் அதே புதரைவளையத்தை அடுத்த தெருவில் பத்துப் பேர் செய்கின்றனர். கோயம்புத்தூரிலும் புனேயிலும் நூறு பேர் செய்கின்றனர். விலையை வாங்குபவர் சொல்கிறார். செலவை அதற்குள் அடக்கிக்கொள்வது செய்பவர் பாடு. 1967 முதல் சிறுதொழிலுக்கென்று பொருள்களை ஒதுக்கி வைத்த கொள்கை ஓரளவு நிழல் தந்தது. 1991க்குப் பிறகு அந்நிழல் சுருங்கிக்கொண்டே வந்து, 2015இல் எஞ்சியிருந்த பொருள்களும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பூவிருந்தவல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியபோது வேலை பெருகியது உண்மை. அதனோடு, ஆண்டுதோறும் விலையைச் சற்றுக் குறைத்துத் தரவேண்டும் என்னும் வாகனத் தொழிலின் வழக்கமும் சிறு பட்டறைகள் வரை இறங்கியது.

விலை நம் கையில் இல்லாத இந்த நிலை நம்மவர்க்கு அந்நியமானதன்று. ஊரில் மணிலா பயிரிட்டவர் எவரும் விலையைத் தாம் வைத்ததில்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அன்று எழுதப்பட்ட விலையே விலை. உழவும் விதையும் உரமும் ஏற்கெனவே செலவாகிவிட்டன. பறிக்கும் கூலியும் வண்டிச் சத்தமும் மட்டுமே இனிச் செய்ய வேண்டியவை. விலை அவ்விரண்டுக்கும் மேலே நின்றால், மொத்தத்தில் நட்டமென்றாலும் பறித்து விற்பதே மேல். கூலிக்கும் ஆகாத விலையென்றால் நிலத்திலேயே விட்டுவிடுகிறான். தக்காளி விலை வீழும் ஆண்டுகளில் காய்கள் கொடியோடு அழுகுவதை நாம் பார்த்திருக்கிறோம். படிப்பறியாத உழவன் செய்யும் இக்கணக்கைத்தான் ஆல்பிரட் மார்ஷல் என்னும் ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1890இல் வெளியிட்ட தம் பெருநூலில் முறைப்படுத்தினார். பொருளைச் செய்தால் மட்டுமே நேரும் செலவு ஒன்று. செய்தாலும் செய்யாவிட்டாலும் நேரும் செலவு மற்றொன்று. குறுகிய காலத்தில் விலை முன்னதைத் தாங்கினாற் போதும், உற்பத்தி தொடரும். நீண்ட காலத்தில் இரண்டையும் தாங்க வேண்டும். தாங்காவிடில் அத்தொழிலை விட்டு வெளியேறுவர்.

ஒரு பட்டறையைக் கற்பித்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நாம் இட்டவை. ஜாப் ஒர்க் ஆதலால் இரும்பை ஆர்டர் தருபவரே தருகிறார். இவர் கடைந்து கொடுக்கிறார். மாதம் 10,000 உருப்படி. வாடகை, வங்கித் தவணை, மின் இணைப்பின் நிலைக்கட்டணம் ஆகியவை மாதம் 2,00,000 ரூபாய். அதாவது உருப்படிக்கு 20 ரூபாய். ஆறு தொழிலாளர்க்கு ஆளுக்கு 20,000 ரூபாய் வீதம் 1,20,000. உருப்படிக்கு 12 ரூபாய். மின்சாரம், வெட்டுக்கருவி, எண்ணெய், வண்டி எல்லாம் சேர்த்து இன்னொரு 12 ரூபாய். ஆக அடக்கம் 44. வழக்கமான விலை 48 என்றால் உருப்படிக்கு நான்கு ரூபாய் நிற்கும். மந்தம் வந்து விலை 38 ஆகிறது. ஒவ்வோர் உருப்படிக்கும் ஆறு ரூபாய் நட்டம். மாதம் 60,000 கையை விட்டுப் போகும். பட்டறையை மூடினால் நட்டம் நிற்குமா? வாடகையும் தவணையும் நிற்கமாட்டா, 2,00,000 போகும். ஆகவே நட்டத்தோடு நடத்துவதே அறிவு. விலை 22க்கு இறங்கினால்? கூலியும் மின்சாரமும் பிறவும் சேர்ந்த 24க்கே இரண்டு ரூபாய் குறைகிறது. ஓட ஓட நட்டம் கூடும்; நிறுத்து என்கிறது நூல்.

இதில் எங்கும் பிழையில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்கித் தவணை நிலையான செலவு என்றும், ஆறு பேர் கூலி நிறுத்தத்தக்க செலவு என்றும் பிரித்தது யார்? இயற்கை பிரிக்கவில்லை. இயந்திரத்துக்குப் பின்னே வங்கியும் ஈட்டுப் பத்திரமும் நிற்கின்றன. தவணை தவறினால் ஏலம் வரும். ஆளுக்குப் பின்னே அப்படியொன்றும் நிற்கவில்லை. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம், வேலை கொடுக்க இயலாத நாட்களுக்குப் பாதிச் சம்பளம் தரவேண்டுமென்று விதித்தது. அவ்விதி ஐம்பது தொழிலாளருக்குக் குறைந்த ஆலைகளைத் தீண்டவில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும் இந்த ஐம்பது என்ற எல்லையை அப்படியே வைத்திருக்கிறது. எனவே நம் ஆறு பேர் பட்டறையில், அந்த 12 ரூபாய் எந்தப் பத்தியில் எழுதப்பட வேண்டும் என்பதை முடிவு செய்பவர் உடைமையாளர் ஒருவரே. ஒரு பொருளைப் பல நயங்களால் நோக்க வேண்டும் என்பது நம் தத்துவத்தின் உயிர்நிலை. இவருக்குச் செலவாகத் தோன்றும் அந்தப் பன்னிரண்டு ரூபாய் திருமுல்லைவாயிலிலோ பட்டாபிராமிலோ ஒரு வீட்டில் ஒரே வரவு.

இப்பிரிவினை மனிதர் செய்வதே என்பதற்கு 2020ஐ விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மார்ச்சு மாத இறுதியில் ஊரடங்கால் எல்லாப் பட்டறைகளும் மூடின. மார்ச்சு 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், மூடியிருக்கும் காலத்துக்கும் தொழிலாளர்க்குக் குறைவின்றிச் சம்பளம் தரவேண்டும் என்று பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ஆணையிட்டது. ஒரே நாளில் கூலி நிலைச்செலவாயிற்று. மே 18 முதல் அவ்வாணை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒரே நாளில் கூலி மீண்டும் நிறுத்தத்தக்க செலவாயிற்று. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், இருதரப்பும் தம்முள் பேசித் தீர்த்துக்கொள்க என்று வழிகாட்டியது. பேசித் தீர்க்கும் வலிமை இருதரப்புக்கும் ஒன்றாக இருந்ததா என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறோம்.

நம் மரபில் இதற்குச் சொல் இருக்கிறதா? இருக்கிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கொல்லாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல் என்பவற்றுக்குப் பின் வரும் இரண்டு இங்கே கருதத்தக்கவை: அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் கிடைக்காமற் செய்தல். வண்டி மாட்டை மனத்திற்கொண்டு சொல்லப்பட்டவை போலத் தோன்றலாம். ஆனால் நம்மை நம்பி வாழும் எவ்வுயிர்க்கும் இவை பொருந்தும். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தை மின்வெட்டு வாட்டியது. 2012இல் அது உச்சத்தை எட்டியது. டீசல் ஜெனரேட்டரில் ஓட்டினால் மின்செலவு இருமடங்குக்கும் மேலாயிற்று. மின்சாரம் வரும் வேளைக்கு வேலையை மாற்றிய பட்டறைகள் பல. பகலில் காத்திருத்தலும் இரவில் கண்விழித்தலும் தொழிலாளியின் பங்காயின. காத்திருந்த நேரத்துக்குக் கூலி இல்லையென்றால் அது எந்த அதிசாரத்தின்கீழ் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. உடைமையாளர் எவரையும் துன்புறுத்த எண்ணவில்லை. ஆகவே இது சங்கல்ப ஹிம்சை அன்று. தொழிலால் நேரும் உத்தியோக ஹிம்சை. இல்லறத்தானால் அதனை முற்றும் விலக்க இயலாது. ஆனால் குறைக்கும் கடமை உண்டு என்றே நம் நூல்கள் பிரித்துக் காட்டின. விலக்க முடியாதது என்ற சொல்லை, குறைக்க வேண்டியதில்லை என்று படித்துக்கொள்வது நம்மிடையே எளிதாக நிகழும் வழுவல்.

சரி, அறவழி நிற்க விரும்பும் ஒருவர் துணிகிறார்: என் ஆறு பேரை நான் அனுப்பமாட்டேன், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூலி தருவேன். நல்லது. இனி அவர் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கூலி இப்போது தவணையோடு சேர்ந்து நிலைச்செலவாகிவிட்டது. உருப்படியைச் செய்வதால் மட்டும் நேரும் செலவு 24லிருந்து 12 ஆகிறது. 22 ரூபாய் விலை முன்பு அவரை நிறுத்தச் சொல்லியது. இப்போது அதே விலை பத்து ரூபாய் ஆதாயமாகத் தெரிகிறது. மூடி உட்கார்ந்து கூலி கொடுத்தால் மாத நட்டம் 3,20,000; 22க்கு ஓட்டினால் 2,20,000. ஒரு லட்சம் மிச்சம். எனவே அவர் 22க்கு ஆர்டரை ஏற்கிறார். அந்த விலை வாங்குபவரின் மேசையில் ஏறுகிறது. மறுநாள் அடுத்த தெருப் பட்டறைக்கு அழைப்புப் போகிறது: அவர் 22க்குத் தருகிறார், நீங்கள்? அடுத்த தெருக்காரர் தம் ஆட்களை அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்குகிறார். தன் நான்கு சுவருக்குள் ஆறு பேரைக் காத்த கருணை, அடுத்த நான்கு சுவரில் ஆறு பேரை வெளியே தள்ளிவிட்டது. இவர் கெட்டவர் அல்லர். இவர் கணக்கும் தவறன்று. அறவுணர்வே இவரைத் தொழிற்பேட்டையில் எல்லாரினும் மலிவாக விற்பவராக ஆக்கியது.

இதைக் கற்பனை எனத் தள்ளிவிட வேண்டாம். 2019இல் வாகன விற்பனை சரிந்தபோது, அவ்வாண்டு ஆகஸ்டில் பயணியர் வாகன விற்பனை முந்திய ஆகஸ்டைவிட ஏறத்தாழ 31 சதவீதம் வீழ்ந்தது. பாடியிலும் எண்ணூரிலும் பெரிய ஆலைகள் வேலையற்ற நாட்களை அறிவித்தன. அத்தகைய காலங்களில் எஞ்சியிருக்கும் சிறிதளவு வேலைக்குப் பட்டறைகள் ஒன்றையொன்று கீழிழுப்பது இயல்பு. மார்ஷலே இதனை உணர்ந்திருந்தார். மந்தக் காலத்தில் விலை கடைசி எல்லை வரை உடனே இறங்கிவிடுவதில்லை. சந்தையைக் கெடுத்துவிடுவோமோ என்னும் அச்சமும், உடன் தொழில் செய்வோரின் மனக்கசப்புக்கு ஆளாவோமோ என்னும் தயக்கமும் உற்பத்தியாளரைத் தடுக்கின்றன என்று அவர் குறித்தார். 1939இல் ஆக்ஸ்போர்டு அறிஞர்களான ஹாலும் ஹிட்சும் தொழில்முனைவோர் 38 பேரிடம் விசாரித்து, அவர்களிற் பெரும்பாலோர் முழு அடக்கத்தின்மேல் நியாயமான ஆதாயம் வைத்தே விலை சொல்ல முயல்வதாகக் கண்டனர். நூற்கணக்கு அவ்வளவு கீழே போகச் சொன்னாலும் மனிதர் போகத் தயங்குகின்றனர். பலர் இத்தயக்கத்தை வணிக அறியாமை என்பர். இதில் அயலான் வாழ்வைப் பற்றிய நினைவும் ஒரு கூறாக உள்ளது என்பது நம் துணிபு.

ஆகவே நாம் கூற விரும்புவது இது. ஒரே கூலியை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுத வேண்டும். மூடுவதா என்று எண்ணும்போது, ஆளை அனுப்பினால் மிச்சமாகும் தொகையை மிச்சமென்று எழுதக்கூடாது. அது தவணையைப் போலக் கொடுத்தே தீரவேண்டிய கடன். விலை சொல்லும்போதோ, எப்படியும் கொடுக்கப்போகிற பணம்தானே என்று அதனை விட்டுவிடக்கூடாது. உருப்படிக்குப் பன்னிரண்டு ரூபாய் விலையில் ஏறியாக வேண்டும். வணிகக் கணக்கறிந்தோர் இதனை முரண்பாடு என்பர். முரண்பாடுதான். தன் ஆளுக்குச் செய்யும் கடமையையும் அயல் பட்டறை ஆளுக்குச் செய்யும் கடமையையும் ஒரே வரியில் எழுத முடியாததால் வந்த முரண்பாடு அது.

இதன் விலை என்ன என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 22 ரூபாய் ஆர்டரை மறுத்தவர் மாதம் ஒரு லட்சம் கூடுதலாக இழக்கிறார். எத்தனை மாதம் தாங்குவார்? இவர் மறுத்த வேலையை வேறொருவர் எடுத்துக்கொண்டால் இவர் தியாகம் எவருக்குப் பயன்பட்டது? இவ்வினாக்களுக்கு முழு விடை நம்மிடம் இல்லை. மனைவியின் நகையை அடகு வைத்துக் கூலி கொடுத்து, இறுதியில் பட்டறையையும் இழந்து, தாமும் ஆறு பேரும் ஒருங்கே தெருவில் நிற்பது அறமென்று நாம் சொல்லமாட்டோம். குடும்பமும் அவரை நம்பி வாழும் உயிர்களே. பட்டறைக்காரர் எல்லாரும் கூடி விலையை நிர்ணயித்துக்கொள்ளலாம் என்பாரும் உளர். அது 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் விலக்கிய செயல். வாங்குபவனை வஞ்சிப்பதும் ஆகும். தானே தன்னளவில் ஓர் எல்லை வகுத்து, அதற்குக் கீழே விற்கமாட்டேன் என்று நிற்பது வேறு. அதற்கு எவரோடும் கூட வேண்டியதில்லை.

அவ்வாறு நிற்க வலிமை எங்கிருந்து வரும்? மந்தக் காலத்தில் வராது. விலை 48 ஆக இருந்து, மாதம் 40,000 ரூபாய் நின்ற நல்ல காலத்தில்தான் அது வரவேண்டும். அந்த நாற்பதாயிரத்தில் இரண்டாவது இயந்திரத்துக்கு முன்பணம் கட்டலாம். அண்ணா நகரில் மனை பார்க்கலாம். ஒரு பகுதியை எடுத்து, ஆறு பேரின் மூன்று மாதக் கூலி சேரும்வரை தனியே வைக்கலாம். மூன்று மாதக் கூலி 3,60,000. மாதம் பத்தாயிரம் வைத்தால் மூன்றாண்டில் சேர்ந்துவிடும். பொருள் வரைதல் என்னும் விரதத்தை நாம் பெரும்பாலும் வீட்டிலுள்ள பொன்னுக்கும் நிலத்துக்கும் வரையறையாகவே எண்ணுகிறோம். பட்டறையின் பெருக்கத்துக்கும் அது பொருந்தும். கடன்பட்டு வாங்கிய ஒவ்வொரு புதிய இயந்திரமும் நிலைச்செலவை உயர்த்துகிறது. அதாவது மந்தம் வரும் நாளில் வங்கிக்கு முதலில் கொடுக்க வேண்டியதை உயர்த்தி, ஆளுக்கு மிஞ்சுவதைக் குறைக்கிறது. தவணை இல்லாத பழைய லேத்துடன் நிற்கும் சிறியவர், மூன்று சி.என்.சி. இயந்திரங்களுக்குத் தவணை கட்டும் பெரியவரைவிட நெடுநாள் தம் ஆட்களை வைத்திருக்க முடிவது இதனாலேயே.

தனி மனிதர் விரதம் போதாத இடமும் உண்டு என்பதை மறைக்கலாகாது. முலாம் பூசும் பட்டறையின் கழிவு நீரைச் சுத்திகரிக்கச் செலவாகும். சாக்கடையில் விட்டால் செலவில்லை. சுத்திகரிப்பவரின் அடக்கம் உயர்கிறது, ஆர்டர் அயலாருக்குப் போகிறது. கொரட்டூர் ஏரி கழிவால் மாசுபட்ட செய்தி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதை அப்பகுதி மக்கள் அறிவர். ஏரியிலுள்ள உயிர்கள் எவருடைய கணக்கிலும் செலவாக ஏறவில்லை. இங்கே நல்லவர் ஒருவர் தம் விலையை உயர்த்தி நின்றால் சந்தை அவரை நீக்கிவிட்டு மற்றவரை வைத்துக்கொள்ளும். எல்லார்க்கும் ஒரே விதியை அரசு வைத்து, அதனை நடத்தியும் காட்டினால்தான் அந்தச் செலவு எல்லார் விலையிலும் ஏறும். அதனால் கூலியைப் போல இதனையும் உடைமையாளர் மனச்சான்றுக்கே விட்டுவிடலாம் என்று நாம் கருதவில்லை.

பெரியவர்கள் வெளியேறும் விதம் வேறு. மறைமலை நகரில் ஆலை நடத்திய ஃபோர்டு நிறுவனம், பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் கண்டதாகக் கூறி 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் சென்னை ஆலையின் கடைசிக் கார் வெளிவந்தது. மார்ஷல் சொன்ன நீண்ட காலம் வந்துவிட்டது, வெளியேறினர். நிரந்தரத் தொழிலாளர்க்கு இழப்பீடு பேசப்பட்டது. அவ்வாலைக்கு உறுப்புச் செய்த துணைப் பட்டறைகளில் வேலை இழந்தோர் அந்தப் பேச்சில் ஒரு தரப்பாக இருக்கவில்லை.

கடைசியாக ஒன்று. பட்டறைக்காரர் தம் ஆளுக்குத் தந்த வாக்கைக் காப்பது அவருக்கு வரவேண்டிய பணம் வந்தால்தான். குறு, சிறு தொழிலகங்களுக்கான பணத்தை 45 நாட்களுக்கு மேல் நிறுத்தி வைக்கலாகாது. வைத்தால் வங்கி விகிதத்தின் மும்மடங்கு வட்டி சேரும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் விதித்துள்ளது. உரிய காலத்தில் தராத தொகையை வருமான வரிக் கணக்கில் அவ்வாண்டுச் செலவாகக் காட்ட முடியாதென்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் வந்துள்ளது. இருந்தும் வட்டி கேட்டு மனுச் செய்யும் பட்டறைக்காரர் அரியர். அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற அச்சமே காரணம். அந்தப் பட்டியல்களைச் சரிபார்த்துக் கையொப்பமிடும் மேசைகளில் நம்மவர் சிலரும் அமர்ந்திருக்கிறார்கள். இம்மாதப் பட்டியல்களைப் புரட்டும்போது, எது எத்தனையாம் நாளில் நிற்கிறது என்று அவர்கள் பார்க்கலாம். சனிக்கிழமைக் கூலிக்கு அந்தத் தொகையை எதிர்நோக்கியிருக்கும் பட்டறை பெரும்பாலும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கும்.